கொண்டையும் ஹெல்மெட்டும்

மின்தூக்கிக்குள் ஆள் சிக்கிக்கொண்டால் உடனே ஓடும் குழுவில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டபோது குழுத் தலைவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காப்பியில் பாலைக் கலக்கிக்கொண்டே, "மோட்டார் சைக்கிள் ஓட்டுவியா?" என்று மட்டும் கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கு அண்ணே. போன மாசம்தான் பாஸ் பண்ணேன்."

"லைசென்ஸ் இருக்கான்னு கேக்கல. ஓட்டுவியான்னு கேட்டேன்."

"ஓட்டுவேன்."

பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் முடித்துவிட்டுச் செம்பவாங்கில் உள்ள ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். என் வேலை மாதாந்தரச் சரிபார்ப்பு. ஓர் அடுக்குமாடிப் புளோக்குக்குப் போவேன், மின்தூக்கியை நிறுத்துவேன், துடைப்பேன், எண்ணெய் இடுவேன், கம்பிகளைப் பார்ப்பேன், மறுபடி ஓடவிடுவேன். அந்த வேலையில் என்னைக் கண்டு மகிழ்ந்தவர் எவரும் இல்லை. சந்தைப் பையோடு வந்து நிற்பவர்களுக்கு நான் வழியை மறிக்கும் ஆள். அவசரக் குழுவின் கதை வேறு. அங்கே கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவர் முதலில் பார்க்கும் முகம் உன்னுடையது. அந்த முகமாக இருக்க எனக்கு ஆசை. குழுவில் ஒருவர் விலகியதால் ஓர் இடம் காலியாக இருந்தது. அதுவரை அந்தக் குழுவில் பெண் யாரும் இருந்ததில்லை.

தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு வாரம். எமர்ஜென்சி கால் வந்தா ரெண்டு பேரும் டிப்போவுலேர்ந்து ஒண்ணா கிளம்புவோம், ஆளுக்கு ஒரு பைக். மூணு தடவை எனக்கு முன்னாடி லிஃப்ட் வாசல்ல நில்லு. இடம் உனக்கு. நான் முன்னாடி போய்ட்டா நான் பாத்துக்குவேன், அது உன் கணக்குல வராது."

"சரி அண்ணே."

"பறக்கச் சொல்லல. ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினா அன்னைக்கே முடிஞ்சது. வழி தெரியணும், கை கால் நிதானமா இருக்கணும், அவ்வளவுதான்."

மோட்டார் சைக்கிளும் மழைக்கோட்டும் நிறுவனம் தரும். தலைக்கவசத்தை மட்டும் அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அதுவரை நான் அணிந்தவை எல்லாம் இரவல். எனக்கு முன்னால் வியர்த்தவர்கள் எல்லோரும் அவற்றுக்குள் இருந்தார்கள். இப்போது எனக்கென்று ஒன்று.

எதை வாங்குவதானாலும் தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். சோறு வடிக்கும் பாத்திரத்துக்குக்கூட அப்படிச் செய்திருக்கிறேன். இதற்கும் போட்டேன். மேலே மூன்று வகை: முகம் திறந்தது, முழு முகத்தையும் மூடுவது, தாடைப் பகுதியை மட்டும் மேலே தூக்கக்கூடிய மாடுலர். பக்கவாட்டில் பாதுகாப்பு, பார்வை, மூக்குக்கண்ணாடி, வெப்பம், மழை, எடை, பேச்சு. பேச்சு ஏன் என்றால், கொண்டோமினியக் குடியிருப்பின் வாசலில் காவலாளியிடம் முகத்தைக் காட்டிப் பேசினால்தான் தடுப்புக் கம்பி உயரும்.

தலைவர் முகம் திறந்த வகைக்காரர். தன்னுடையதை ஒரு வாளியைப் போலக் கைப்பிடியில் மாட்டிவைத்திருப்பார். "காத்து வரும், காது கேக்கும், போட்டுக்கிட்டே கோப்பி குடிக்கலாம். இந்த வெயில்ல வேற என்ன வேணும்?"

"விழுந்தா தாடை அண்ணே."

"விழாதே லா."

அம்மாவின் கட்சி நேரெதிர். கைப்பேசியில் படங்களைக் காட்டியதும் முழுமுகக் கவசத்தின் மேல் விரலை வைத்தார். "இதைவிடப் பெருசு இல்லையா?"

"இதுதாம்மா பெருசு."

"தோளையும் சேத்து மூடுற மாதிரி?"

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரம் காயாத முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அம்மா தையல் நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துப் பின்மண்டையைச் சுற்றி அளந்தார். இரண்டு முறை அளக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றே. அந்த அளவைக் குறித்துக்கொண்டு, முடியைத் தளரப் பின்னி, மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். அங்கிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் மோட்டார் சைக்கிள் கடைகள்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மூன்று வகையையும் முன்னால் வைத்தார். முகம் திறந்ததைப் போட்டதும் தலைவர் சொன்னது புரிந்தது. கடை விசிறியின் காற்று நேராகக் கன்னத்தில் பட்டது, தெருவின் ஓசை முழுவதும் காதில் விழுந்தது. தாடை மட்டும் உலகத்துக்கு முன்னால் தனியாக நின்றது. முழுமுகத்தைப் போட்டதும் ஓசை அடங்கியது, மின்சாரத்தை நிறுத்திய இயந்திர அறைபோல. கன்னத்துப் பஞ்சு இறுக்கி உதடு மீன்வாய் ஆனது. போடுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும், போட்ட பின் அதன் காம்புகளை இடுக்கில் செருக வேண்டும். ஒரு பணி நேரத்தில் எத்தனை முறை கழற்றி மாட்டுவேன் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் அதன் மதிப்பெண் சரிந்தது.

மாடுலர் மற்ற இரண்டையும்விடக் கனமாக இருந்தது. தாடைக்கடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தித் தூக்கினால் முன்பகுதி நெற்றிக்கு மேலே போகும். மூக்குக்கண்ணாடியோடு தலையை நுழைக்கலாம், கீழே இழுத்தால் மூடும். என் சந்தேகம் அந்தப் பூட்டின் மேல்தான். மின்தூக்கிக் கதவின் பூட்டுகளோடு பழகிய எனக்கு, முழுதாக விழாத பூட்டு திறந்த பூட்டைவிட ஆபத்தானது என்று தெரியும். திறந்தேன், மூடினேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உலோகக் கொக்கி, இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. மறுபடி திறந்தேன்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சிஸ்டர், அதை வாங்கப் போறீங்களா, உடைக்கப் போறீங்களா?"

"உடையுமான்னு பாத்துட்டு வாங்கப் போறேன்."

"அப்ப மெதுவா பாருங்க. உடைஞ்சா வாங்கித்தான் ஆகணும்."

உள்ளூர் அங்கீகார வில்லை ஒட்டியிருந்ததைச் சரிபார்த்தேன். தலையை உலுக்கினேன். கவசம் தலையோடு வந்தது, தனியாக ஆடவில்லை. கவசக் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியாமல் தடுக்கும் ஒரு மெல்லிய தகட்டையும் ஒட்டித் தரச் சொன்னேன். ஓடும்போது மூடியே இருக்க வேண்டும், நின்ற பிறகுதான் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு சமையலறை வரை போய் வந்தார். தாடையைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கு. வெங்காயம் உரிக்கிறப்ப குடு," என்றார்.

திங்கட்கிழமை காலையில் முதல் அழைப்பு வந்தது. ஈசூனில் ஒரு புளோக், உள்ளே ஒருவர், பத்திரமாக இருக்கிறார். தலைவர் தன் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு இயந்திரத்தை முடுக்கினார். நான் மாடுலரின் தாடையைத் தூக்கித் தலையை நுழைத்தேன்.

நுழையவில்லை.

உரலில் பானை உட்கார்ந்ததுபோல் என் தலைமேல் அது நின்றது. அழுத்தினேன். நெற்றியில் இடித்தது, பின்னால் எழும்பியது. அப்போதுதான் கை பின்னால் போனது. கொண்டை. வேலைக்கு நான் கொண்டையோடுதான் வருவேன். சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் முடி கூடாது என்பது இயந்திர அறையின் முதல் விதி. இடுப்பு வரையுள்ள முடியை முறுக்கிப் பின்மண்டையில் உயரமாகச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு வருவது என் சீருடையின் ஒரு பகுதி. வெள்ளிக்கிழமைத் தலையை அளந்து வாங்கிய கவசத்தைத் திங்கட்கிழமைத் தலையில் போடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாப்பா," என்றார் தலைவர் வண்டியிலிருந்தபடியே. "ஹெல்மெட்டுக்கு உன்னைப் புடிக்கலையா?"

ஊசிகளைப் பிடுங்கி வாயில் கவ்வினேன். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அதைச் சட்டைக்குள் திணித்துக் கவசத்தைப் போட்டு நிமிர்ந்தபோது அவர் வாயிலைத் தாண்டிவிட்டார். ஈசூனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே இருந்தவர் வெளியே நின்று தலைவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"முடிய வெட்டு," என்றார் தலைவர் திரும்பும்போது. கோபமாகச் சொல்லவில்லை. "இல்லாட்டி என்னை மாதிரி ஓப்பன் ஃபேஸ் வாங்கு."

"ஓப்பன் ஃபேஸ்லயும் பின்மண்டை மூடித்தான் இருக்கும் அண்ணே. கொண்டை அதுலயும் போகாது."

"அப்ப வெட்டு லா."

வெட்டுவதில் எனக்குத் தத்துவ மறுப்பு எதுவும் இல்லை. என் முடி எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். கருவி ஆளுக்குப் பொருந்த வேண்டும். அன்று மாலை கூடத்தில் கண்ணாடிக்கு முன் நின்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். பெரிய அளவுக்கு மாற்றினால் கொண்டை போகும், ஆனால் கவசம் தலையில் ஆடும். ஆடும் கவசம் விழும்போது தலையோடு இருக்காது. ஆகவே கிடையாது. ஒற்றைச் சடை போட்டுப் பார்த்தேன். கவசம் இறங்கியது. ஆனால் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத் தோளுக்கு மேல் தலையைத் திருப்பியதும், பிடரியில் இருந்த தடித்த பின்னல் கவசத்தின் விளிம்பை நெம்பித் தூக்கியது. பார்வை பாதி மறைந்தது. அப்படியானால் பருமன் பிடரியின் நடுவிலும் இருக்கக் கூடாது. இரண்டாகப் பிரிய வேண்டும், காதுக்குக் கீழே தொடங்க வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது.

"அம்மா, இரட்டைச் சடை போட்டு விடுங்க."

அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். "என்ன சடை?"

"இரட்டை. காதுக்குக் கீழேர்ந்து. இறுக்கமா."

"ஏண்டி, நீ அளவெடுக்கச் சொன்னப்பவே கொண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாம்ல?"

"எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு யாரும்மா கொண்டை போடுவா?"

"அதுவும் சரிதான்," என்று சீப்பை எடுத்தார். பின்னும்போது அவர் சிரிப்பு என் உச்சந்தலையில் அதிர்ந்தது. "ரிப்பன் வேணுமா? வெள்ளையா, நீலமா?"

கவசம் நுழைந்தது. இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன், எதுவும் நெம்பவில்லை. இரண்டு சடைகளும் சீருடையின் கழுத்துக்குள் இறங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டன. சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்க ஒன்றும் இல்லை. இயந்திர அறைக்கென்று மறுபடி கொண்டை போடவும் வேண்டாம். ஒரே ஏற்பாட்டில் இரண்டு விதிகளும் நிறைவேறின. எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம்.

மறுநாள் டிப்போவில் நான் நுழைந்ததும் குழுவில் ஒருவர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். "பிரைமரி த்ரீ புள்ள வந்தாச்சு! ஹோம்வொர்க் முடிச்சியா பாப்பா?"

"முடிச்சிட்டேன் அண்ணே. நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

அன்று மதியம் கையெழுத்து விழுந்தது. அழைப்பு வந்தது, தாடையைத் தூக்கினேன், நுழைத்தேன், மூடினேன், இரண்டு கொக்கிகளும் விழும் ஓசையைக் கேட்டேன். தலைவர் தன் வாரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாயிலைத் தாண்டியிருந்தேன். ஒரு கொண்டோமினியம். வாசலில் நின்று முகத்தைத் திறந்து காட்டியதும் காவலாளி தடுப்பை உயர்த்தினார். தலைவர் வந்தபோது நான் கதவைத் திறந்து இரண்டு மாணவிகளை வெளியே விட்டுவிட்டேன்.

"சிக்னல் எல்லாம் உனக்குப் பச்சையா விழுந்திருக்கு," என்றார்.

வியாழக்கிழமை உட்லண்ட்ஸில் ஒரு பல்மாடிக் கார் நிறுத்துமிடம். அங்கும் நான்தான் முதலில். அன்று அவர் சிக்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளி என் ஓய்வு நாள். சனிக்கிழமை மின்தூக்கிகள் அனைத்தும் சதி செய்து ஒழுங்காக ஓடின. ஞாயிறு மாலைவரை தொலைபேசி மணி அடிக்கவில்லை. என் வாரம் அந்த வேளையோடு முடிகிறது. இரண்டு கைவசம் இருந்தன, மூன்றாவது இல்லை. அடுத்தவர் மின்தூக்கியில் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புவது நல்ல மனதுக்கு அடையாளமல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் விரும்பாமல் காத்திருந்தேன். தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதே நேரத்தில் மணி அடித்தது.

தோ பாயோவில் ஒரு புளோக். உள்ளே ஆறேழு பேர், எல்லோரும் பெண்கள்.

விரைவுச்சாலையில் ஏறும்போதே வானம் கறுத்திருந்தது. தலைவர் எனக்கு முன்னால் சென்றார். சாலையை என்னைவிட அவர் நன்றாக அறிவார், எந்தத் தடத்தில் எந்த இடத்தில் நெரிசல் என்று அவருக்கு மனப்பாடம். அவரை முந்த எனக்கு வழியே தெரியவில்லை. பிறகு மழை வந்தது. இங்கே மழை தூறிப் பார்த்துவிட்டு வருவதில்லை. ஒரே கொட்டு. முன்னே சென்ற லாரியின் சக்கரங்கள் தண்ணீரைச் சுவராக எழுப்பின.

மழை கொட்டினால் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது இந்த ஊர் வழக்கம். விரைவுச்சாலையின் ஓரத்தில் உணவு கொண்டுபோகிறவர், ஜோகூருக்குத் திரும்புகிறவர் என்று வரிசையாக நின்று மழை விடக் காத்திருப்பார்கள். பாலம் நெருங்கியதும் தலைவரின் பக்க விளக்கு சிமிட்டியது. ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் ஓரம் கட்டினார். அந்த வேகத்தில் மழைத்துளி திறந்த முகத்தில் ஊசியாகக் குத்தும். கண்ணைத் திறக்க முடியாது. அவர் நின்றது சரிதான். நின்றிருக்கத்தான் வேண்டும்.

நானும் நிற்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேன். சாலைக் கோடுகள் தெரிகின்றனவா? தெரிகின்றன. கவசக் கண்ணாடியில் ஆவி இல்லை. முன்வண்டியின் விளக்கு தெளிவாக இருக்கிறது. இடி தொலைவில். வேகத்தைக் குறைத்தேன், லாரியை விட்டுப் பின்வாங்கினேன், இடது தடத்தில் ஒதுங்கினேன். கோடு ஒருமுறை மறைந்தாலும் அடுத்த பாலத்தில் நின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். கவசத்தின் மேல் மழை தவில்போல அடித்தது. அதற்கு இந்தப் பக்கம் என் முகம் உலர்ந்து, மூக்குக்கண்ணாடி உலர்ந்து, என் மூச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு அடியில் நின்றவர்கள் ஒரே வரிசையாக என் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் தலைவர். பார்த்தேனா என்று கேட்டால், நேராகப் பார்க்கவில்லை. ஆனால் தெரிந்தது.

கோடு மறையவில்லை.

தோ பாயோ புளோக்கின் மாடியில் பட்டுச் சேலைகளும் பதற்றமுமாகப் பெண் வீட்டார் கூடியிருந்தார்கள். நிச்சயதார்த்தம். சீர்த்தட்டுகளோடு மேலே வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுபோனார்கள். கதவு விரலளவு திறந்திருந்தது, அதற்கு மேல் அசையவில்லை. நான் தாடையைத் தூக்கிக்கொண்டு அந்த இடுக்கில் குனிந்தேன்.

"யாரு வெளிய? லிஃப்ட் ஆளு வந்தாச்சா?" என்றது ஒரு கனத்த குரல்.

"வந்தாச்சு ஆன்ட்டி. உள்ள யாருக்காவது மூச்சுத் திணறலா?"

"மூச்செல்லாம் இருக்கு. நல்ல நேரம்தான் போய்க்கிட்டிருக்கு." இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "பொம்பளப் புள்ளயா? பின்னாடி ஆம்பள யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றாரு ஆன்ட்டி. பாலத்துக்கு அடியில நிக்கிறாரு."

மேலே இயந்திர அறைக்கு ஓடி மின்சாரத்தை நிறுத்திப் பூட்டினேன். கீழே வந்து, "இப்ப லிஃப்ட் நகராது, பயப்படாதீங்க, கதவுல யாரும் சாயாதீங்க," என்று சொல்லிவிட்டு, சாவியால் வெளிக்கதவை விடுவித்தேன். உள்கதவு வர மறுத்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு கொட்டைப் பாக்கு. தளத்தை நெருங்கும்போதே திறக்கத் தொடங்கும் வகைக் கதவு அது. தட்டிலிருந்து உருண்ட பாக்கு பள்ளத்தில் விழ, கதவு அதன்மேல் ஏறி இறுகிவிட்டது. திருப்புளியால் நெம்பினேன். பாக்கு தெறித்தது, கதவு விலகியது.

முதலில் தட்டுகள் வந்தன: பழம், பூ, சேலை, இனிப்பு. பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேலே ஏற்றினேன். கனத்த குரல்காரர் கடைசியாக வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றிக்கு மேல் தூக்கிய தாடை, கீழே சொட்டும் மழைக்கோட்டு.

"நேரம் இருக்கா?" என்று பெண் வீட்டாரைக் கேட்டார்.

"இருக்கு, இருக்கு, வாங்க!"

உள்ளே குலவைச் சத்தம் எழுந்தது. எனக்காக இல்லை என்று தெரிந்தும் எனக்காகவே எடுத்துக்கொண்டேன்.

மின்சாரத்தைக் கொடுத்து, கதவைப் பலமுறை திறந்து மூடிச் சோதித்து ஓடவிட்டதும் அதே மின்தூக்கியில் தலைவர் மேலே வந்தார். முழுக்க நனைந்திருந்தார். கதவைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்படி வந்த?"

"மெதுவா வந்தேன் அண்ணே."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது. "பாலத்துக்கு அடியில நின்னவர் இவர்தானா? தம்பி, வேலை முடிஞ்சிருச்சு. உள்ள வந்து கேசரி சாப்பிடுங்க."

தலைவர் என் பக்கம் மெல்லத் திரும்பினார். நான் கருவிப் பையை மூடுவதில் கவனமாக இருந்தேன். அவர் சிரித்தார், முதல்முறையாக, தோள் குலுங்க. பிறகு கைப்பேசியை எடுத்து டிப்போவை அழைத்தார். "ஆமா, முடிஞ்சது. இல்ல, நான் இல்ல, அவதான். அந்தக் காலி இடத்துக்கு இனிமே ஆள் தேடாதீங்க. அடுத்த கால் வந்தா நேரா அவளுக்கே போடுங்க. என்னது? இல்ல, கூடல்லாம் யாரும் வேணாம்."

எங்களை உட்காரவைத்துக் கையில் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்தார்கள். நான் ஒரு வாய்தான் சாப்பிட்டிருப்பேன், என் கைப்பேசி அடித்தது. பிஷானில் ஒரு புளோக், உள்ளே ஒருவர். எழுந்தேன், கவசத்தை எடுத்தேன், மூடினேன், கொக்கிகள் விழுந்தன.

தலைவர் தட்டைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கரண்டி கேசரி கேட்டுக்கொண்டிருந்தார்.